பத்தொன்பது நாள் பிரயாணம்

லண்டன் மாநகருக்கும் ஆஸ்திரேலியாவின் வட கோடியிலுள்ள டார்வின் துறைமுகத்துக்கும் நேர்க்கோடு இழுத்தால் தூரம் சுமார் 8,600 மைல். 1930-ஆம் வருஷம் தன்னந்தனியாக ஆகாய மார்க்கத்தில் சென்ற ஏமி ஜான்ஸன் கடக்க நேர்ந்ததோ 11,000 மைல். பெட்ரோலும் இறங்கத் திடலும் கிடைக்கும் ஊர்களை அனுசரித்தே அக்காலத்தில் வழி வகுக்கவேண்டியிருந்தது.

1903 ஜூலை 1-ந் தேதி, இங்கிலாந்திலுள்ள ஹல் நகரத்து மீன் வியாபாரி ஒருவரின் புதல்வியாக அவர் பிறந்தார். ஷெபீல்டு சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, லண்டனில் ஒரு வக்கீல் காரியாலயத்தில் அமர்ந்தார். ஓய்வு வேளையில் விமானம் ஓட்டப் பழகினார். அத்துடன் நில்லாமல், இயந்திரத்தைச் செப்பனிடும் தொழிலுக்குரிய அத்தாட்சியையும் 1929-இல் பெற்றார். பிரிட்டிஷ் மாதர்களில் அதை முதன்முதல் பெற்றவர் அவரே. விமானம் ஓட்டிய சீமாட்டிகள் அந்நாளில் வேறு சிலரும் உண்டு. அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவரைக் காண்பது அரிது.

'ஜேஸன்' என்னும் அவருடைய சிறு விமானம் 600 பவுனுக்கு வாங்கிய பழைய சரக்கு. மே மாதம் 5-ந் தேதி அதில் கிராய்டனிலிருந்து கிளம்பினார். அதற்குமுன் அவர் செய்திருந்த நீண்ட பிரயாணம் லண்டனிலிருந்து ஹல் வரையில்தான்! அன்று அதிகாலையில் காந்தியடிகள் கராடியில் கைதானார். அந்த வாரம் நம்மவர்களுக்கு ஆகாயத்தை அண்ணாந்து பார்க்க அவகாசம் இருந்திராது. பாக்தாதை நெருங்கும்போது மணற்புயலில் சிக்கிப் பாலைவனத்தில் இறங்கி, மீண்டும் எழும்பி, ஆறாம் நாள் கராச்சி சேர்ந்தார். 1928-இல் ஹிங்க்லர் பதினைந்தரை நாளில் ஆஸ்திரேலியா சென்ற சாதனையை முறியடிப்பதே அவர் நோக்கம். கராச்சியில் அவரைவிட இரண்டு நாள் முந்தியிருந்தார்.

ரங்கூனில் விதி குறுக்கிட்டது. குதிரைப் பந்தய மைதானம் என்றெண்ணி இன்ஸீனில் ஒரு கலாசாலைத் திடலில் இறங்க, விமானம் பள்ளத்தில் பாய்ந்து இறக்கை கிழிந்தது, விசிறியும் முறிந்தது. விமானத் துணியில் தைத்த சட்டைகளைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப் போட்டார்கள். பழகிய வித்தை கைகொடுத்தது. ஆனால் நாட்கள் போயின.

மே 24-ந் தேதி டார்வினில் இறங்கினார். அந்த விமானம் மணிக்குச் சுமார் 80 மைல் வேகத்தில் போகக்கூடியது. கணக்கிட்டால் வானத்தில் கழிந்தது ஆறு நாளுக்கும் குறைவே. எஞ்சிய காலத்தை விழுங்கியது பூமி. ஹிங்க்லரின் சாதனை நிலைத்தது. எனினும் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதற் பெண்மணி என்ற கீர்த்தி ஏமிக்கே உரித்தாயிற்று. லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு 2018 மார்ச்சில் எங்கும் இறங்காத விமானம் ஓடத் தொடங்கியபோது, ஏறக்குறைய 9,000 மைலுக்குப் பதினேழு மணி நேரமே பிடித்தது.

யுத்த காலத்தில் விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பணியில் ஏமி சேர்ந்தார். 1941 ஜனவரி 5-ந் தேதி பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்போர்டு அருகிலுள்ள கிட்லிங்டனுக்குப் புறப்பட்டார். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பிரயாணந்தான். மோசமான வானிலையில் வழி தவறி, சுமார் நான்கு மணி நேரத்துக்குப் பின் தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தில் விழுந்தார். காப்பாற்றக் குளிர்ந்த நீரில் குதித்த கடற்படை அதிகாரி வால்டர் பிளெச்சரும் உயிரிழந்தார். ஏமியின் உடல் அகப்படவேயில்லை.