தங்கையின் நினைவில் எழுந்த மருத்துவமனை

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் படிப்பதைப் பலர் விரும்பாத காலம் அது. அவரோ ஆண்கள் மட்டுமே படித்துவந்த கல்லூரியில் சேர்ந்து பயின்றார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1912இல் மருத்துவர் ஆனார்.

1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். முத்துலட்சுமி பலருடைய நோயைத் தீர்த்தவர். ஆனால், தம் தங்கையைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. அக்காலத்தில் தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனைகூட இல்லை. அந்தத் துயரம் அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை.

செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும் அதைச் செய்ய இயலாமல் தவிப்பது பெரும் வேதனை. புற்றுநோயாளிகளைக் கவனிக்கும் தாதியர் இன்றும் அதை உணர்கின்றனர். நோயாளி தம் நிலையைப் பற்றிக் கேட்பார். உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தினர் கெஞ்சுவர். குணமாக வாய்ப்பில்லை என்று தெரிந்தும் வலி தரும் சிகிச்சையைத் தொடர வேண்டிய நேரமும் வரும். அப்போது தாதியின் மனச்சான்று கலங்கும். அழுது தீர்ப்பதால் மட்டும் அந்தக் கலக்கம் நீங்குவதில்லை.

முத்துலட்சுமி தம் வேதனையைச் செயலாக மாற்றினார். சட்டமன்ற உறுப்பினராகிப் பெண்களின் உரிமைக்காகப் போராடினார். 1930இல் ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். எனினும், புற்றுநோய் மருத்துவமனை என்ற கனவை அவர் கைவிடவில்லை. அந்நோய் கண்டவர் பிழைக்கப்போவதில்லை, அவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்று சிலர் கேட்டனர். அவர் தளரவில்லை, பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. தங்கையை இழந்து 31 ஆண்டுகளுக்குப் பிறகு, 68ஆம் வயதை நெருங்கிய முத்துலட்சுமியின் கனவு நனவாயிற்று.

1956இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968இல் அவர் காலமானார். அவர் தொடங்கிய மருத்துவமனை இன்றும் ஏழை நோயாளிகளுக்குத் துணைநிற்கிறது.

தெம்பனிஸ் பேருந்து நிலையத்தில் இரவுப் பணி முடித்து, களைத்த முகத்துடன் வீடு திரும்பும் தாதியரைக் காலையில் காணலாம். நோயைக் குணப்படுத்த முடியாத நாளிலும் நோயாளியின் வலியைக் குறைக்கலாம். அவர் கையைப் பற்றி அருகில் அமரலாம். அதுவும் மருத்துவமே. தங்கையைக் காக்க இயலாத முத்துலட்சுமி, பிறருடைய உடன்பிறப்புகளைக் காக்க வழிசெய்தார்.