பாட்டு அலமாரி: கிரிஷ்யானிஸ் பாரோன்ஸின் வாழ்க்கை

பால்டிக் கடலோரத்தில், இரண்டு மில்லியனுக்கும் குறைவான மக்களைக் கொண்ட சிறிய நாடு லாட்வியா. 2014-ஆம் ஆண்டு யூரோ நாணயத்துக்கு மாறும்வரை, அந்நாட்டின் 100 லாட்ஸ் பணத்தாளில் நீண்ட வெண்தாடியுடைய ஒரு முதியவரின் முகம் அச்சிடப்பட்டிருந்தது. அவர் மன்னரும் அல்லர். போர்த் தளபதியும் அல்லர். வீடுகளில் பெண்கள் பாடிவந்த நாலடிப் பாட்டுகளைச் சிறுசிறு தாள்களில் எழுதி, வரிசைப்படுத்தி, நூலாக்கித் தந்தவர். கிரிஷ்யானிஸ் பாரோன்ஸ் என்பது அவர் பெயர். அப்பாட்டுகளுக்கு லாட்விய மொழியில் 'தைனா' என்று பெயர். அதனால் அவரைத் தைனாக்களின் தந்தை என்றே அந்நாட்டு மக்கள் அழைக்கின்றனர்.

நம் ஆண்டிதழில் இவரைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, நானும் அவரைப் போலவே கணிதம் படிக்கச் சென்று மொழிப்பணியில் ஈடுபாடு கொண்டவன். இரண்டாவது, வீட்டு வழக்கம்தானே என்று நாம் எளிதாக ஒதுக்கிவிடுபவை எப்படி ஓர் இனத்தையே தாங்கி நிற்கின்றன என்பதற்கு இவர் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

வீட்டுக்குள் வாழ்ந்த தெய்வங்கள்

பாரோன்ஸின் பணியை உணர அவர் பிறந்த மண்ணின் நிலையை முதலில் அறிய வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியச் சிலுவைப்படையினர் பால்டிக் நிலத்தைக் கைப்பற்றி, அங்கிருந்தோரைக் கிறிஸ்துவ சமயத்துக்கு மாற்றினர். பின்வந்த நூற்றாண்டுகளில் நிலமும் அதிகாரமும் ஜெர்மானியப் பிரபுக்களின் கையில் இருந்தன. லாட்வியர்கள் அவர்களின் பண்ணையடிமைகளாக உழைத்தனர். குர்செமெ பகுதியில் 1817-லும், விட்செமெ பகுதியில் 1819-லும்தான் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. பள்ளி, நீதிமன்றம், நகரம் எல்லாவற்றிலும் ஜெர்மன் மொழியே ஆட்சி செய்தது. லாட்விய மொழி குடியானவர்களின் பேச்சு என்றே கருதப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குச் சென்ற அதே மக்கள், மற்ற நாள்களில் தங்கள் வீட்டுக்குள் பழைய தெய்வங்களோடும் வாழ்ந்தனர். கதிரவன் அவர்களுக்குப் பெண். சௌலே என்று பெயர். நிலவு ஆண். காட்டுக்கு ஒரு தாய், கடலுக்கு ஒரு தாய், மண்ணுக்கு ஒரு தாய் என எல்லாவற்றுக்கும் தாய்மார் இருந்தனர். இடியின் தெய்வம் பெர்கோன்ஸ். மனிதரின் விதியை வகுப்பவள் லைமா.

இத்தெய்வங்களுக்குப் பெரிய கோயில்கள் இருக்கவில்லை. அன்றாட வாழ்க்கையே அவற்றின் இருப்பிடம். பண்ணை வீட்டின் நீராவிக் குளியலறைதான் அதில் முதன்மையானது. சூடும் தூய்மையும் நிறைந்த அந்தச் சிறு மரக்கட்டடத்தில்தான் பெண்கள் பிள்ளை பெற்றனர். லைமா அங்கே வந்து குழந்தையின் ஆயுளையும் வாழ்வையும் நிர்ணயிக்கிறாள் என்பது நம்பிக்கை. பிள்ளை நலமாகப் பிறந்தபின் உறவுப் பெண்கள் கூடி அவளுக்கு நன்றி செலுத்தினர். இலையுதிர் காலத்தில் இறந்தோரின் ஆவிகள் வீடு திரும்பும் என்று நம்பி, அவர்களுக்கு உணவு படைத்தனர். மணப்பெண் தன் கையால் பின்னிய கையுறைகளைப் பெட்டி நிறையக் கொண்டுவந்து கணவன் வீட்டாருக்கு வழங்கினாள். அன்றிரவு அவள் தலையிலிருந்த கன்னிமலர் வளையம் அகற்றப்பட்டு, மணமான பெண்ணுக்குரிய தலைத்துணி கட்டப்பட்டது. குளிர்காலத்தின் மிக நீண்ட இரவில் ஒரு மரக்கட்டையை வீடுவீடாக இழுத்துச் சென்று, கடைசியில் எரித்தனர். கடந்த ஆண்டின் துன்பங்கள் அதோடு எரிந்துபோகும் என்பது எண்ணம்.

இந்த ஒவ்வொரு செயலுக்கும் பாட்டு இருந்தது. பெரும்பாலும் நான்கே அடிகள். எதுகையோ இயைபோ கட்டாயமில்லை. தாலாட்டவும், மாவரைக்கவும், மாடு மேய்க்கவும், மணப்பெண்ணைக் கேலி செய்யவும், இறந்தவரை வழியனுப்பவும் இப்பாட்டுகளே பயன்பட்டன. எழுத்தறியாத பெண்களே இவற்றின் முதன்மைக் காவலர்கள். பாதிரியார்கள் பலருக்கு இப்பாட்டுகள் பிடிக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் லாட்விய மொழிக்குப் பெருந்தொண்டு செய்த ஜெர்மானியப் பாதிரியார் ஸ்டெண்டரே, இவற்றுக்குப் பதிலாக மக்கள் பாடட்டும் என்று 1774-இல் தாமே பாடல்கள் எழுதி வெளியிட்டார். ஆனால், 1764 முதல் 1769 வரை ரீகா நகரில் பணியாற்றிய ஹெர்டர் என்ற ஜெர்மானிய அறிஞர் வேறுவிதமாக நினைத்தார். அவர் வெளியிட்ட உலக நாட்டுப்பாடல் தொகுப்பில் லாட்வியப் பாட்டுகளுக்கும் இடமளித்தார்.

நடந்தே சென்ற மாணவர்

இந்தச் சூழலில், 1835-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் குர்செமெயிலுள்ள ஸ்ட்ருத்தெலே என்ற ஊரில் பாரோன்ஸ் பிறந்தார். தந்தை ஒரு பண்ணையில் மேற்பார்வையாளர். சிறு வயதிலேயே பாரோன்ஸ் தந்தையை இழந்தார். 1856-இல் தார்த்து பல்கலைக்கழகத்தில் கணிதமும் வானியலும் படிக்கச் சேர்ந்தார். அவ்வளவு தொலைவையும் அவர் நடந்தே கடந்தார். அங்கே கிரிஷ்யானிஸ் வல்டெமார்ஸ் என்ற மூத்த மாணவர், லாட்விய மாணவர்களை மாலை வேளைகளில் ஒன்றுகூட்டித் தங்கள் மொழியையும் மக்களையும் பற்றிக் கலந்துரையாடச் செய்தார். படித்துவிட்டால் ஜெர்மானியராக மாறிவிடுவதே வழக்கமாக இருந்த காலம் அது. தங்களை லாட்வியர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வதே அம்மாணவர்களுக்குத் துணிச்சலான செயல். ஒரு மாணவர் கூட்டத்திலிருந்து ஒரு நாட்டின் மறுமலர்ச்சி தொடங்கியது என்பதை மொழிக் கழகத்தினராகிய நாம் மறக்கலாகாது.

மாணவராக இருந்தபோதே, 1859-இல், தாய்நாட்டின் புவியியலை விளக்கும் நூலொன்றை லாட்விய மொழியில் எழுதி வெளியிட்டார் பாரோன்ஸ். ஆனால் பணமில்லாமையால் பட்டம் பெறாமலேயே 1860-இல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். பின்னர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லாட்விய மொழி வார இதழ் ஒன்றின் ஆசிரியப் பணியில் ஈடுபட்டார். பிரபுக்களின் அதிகாரத்தைச் சாடிய அவ்விதழ், தணிக்கையின் நெருக்கடியால் 1865-இல் நின்றுபோனது. பிழைப்புக்காக 1867 முதல் ஸ்டான்கெவிச் என்ற ரஷ்யக் குடும்பத்தில் வீட்டாசிரியராக வேலை பார்த்தார். மாஸ்கோவிலும் வோரோனேஜ் பகுதியிலும் கால் நூற்றாண்டு காலம் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே கழிந்தது.

ஊருக்கு வெளியே, அந்த ஆசிரியப் பணிக்கு இடையில்தான் அவருடைய வாழ்நாள் பணி அவரை வந்தடைந்தது.

எழுபது இழுப்பறைகள்

பிரீட்சிஸ் பிரீவ்செம்னியெக்ஸ் என்ற லாட்விய அறிஞர் 1869-இல் பாட்டுகளைச் சேகரிக்கத் தொடங்கியிருந்தார். வேலைப்பளு மிகுந்ததால், 1878 முதல் பாரோன்ஸ் அப்பணியைத் தம் தோளில் ஏற்றார். ஊர்களிலிருந்து ஆசிரியர்களும் விவசாயிகளும் பாட்டுகளை எழுதி அனுப்பினர். கட்டுக்கட்டாகக் கடிதங்கள் குவிந்தன. ஒரே பாட்டு ஒரு கிராமத்தில் ஒரு விதமாகவும், பக்கத்துக் கிராமத்தில் வேறு விதமாகவும் இருந்தது. இவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது?

1880-இல், தம் சொந்த வடிவமைப்பின்படி ஒரு தச்சரைக் கொண்டு மாஸ்கோவில் ஓர் அலமாரி செய்வித்தார். அதில் எழுபது சிறிய இழுப்பறைகள். ஒவ்வோர் இழுப்பறையிலும் இருபது குட்டி அறைகள். ஒவ்வொரு பாட்டையும் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் அகலமும் 11 சென்டிமீட்டர் நீளமுமுள்ள தாள் துண்டில் நுணுக்கமான கையெழுத்தில் எழுதி, உரிய அறையில் இட்டார். இன்று அந்த அலமாரியில் 268,815 தாள் துண்டுகள் உள்ளன. கணினித் தரவுத்தளங்கள் உருவாவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே, மரத்தாலும் தாளாலும் அவர் ஒரு தரவுத்தளத்தைக் கட்டிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் என்னை ஈர்ப்பது எண்ணிக்கையன்று. அவர் தேர்ந்தெடுத்த வரிசை. அகரவரிசையில் அடுக்கியிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். அவரோ மனித வாழ்க்கையையே வரிசையாகக் கொண்டார். பிறப்பு, குழந்தைப் பருவம், அநாதையின் துயர், இளமை, காதல், திருமணம், முதுமை, இறப்பு; அதன்பின் உழைப்பும் பருவகாலத் திருநாள்களும். அலமாரியை முதலிலிருந்து கடைசிவரை திறந்து பார்ப்பவர், ஒரு லாட்வியப் பெண்ணின் வாழ்நாளையே கடந்து செல்கிறார். பாட்டை அது பாடப்பட்ட சடங்கிலிருந்து பிரித்தால் அது வெறும் சொற்கோவை ஆகிவிடும் என்பதை அந்தக் கணித மாணவர் அறிந்திருந்தார்.

ஒவ்வொரு பாட்டும் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பையும் சேர்த்தார். வேறுபட்ட வடிவங்களை அழிக்காமல் மூலப்பாட்டின் கீழ் இடம்பெறச் செய்தார். திருமண வீட்டில் பாடப்பட்ட கொச்சையான பாட்டுகளைக்கூட அவர் எரித்துவிடவில்லை. தனியே பிரித்துக் கடைசித் தொகுதியில் வைத்தார். தமக்குப் பிடித்ததை மட்டும் காப்பது தொகுப்பாளரின் வேலையன்று என்ற நேர்மையை இதில் காண்கிறேன்.

1893-இல் அலமாரியோடு ரீகாவுக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 58. நூலின் முதல் பகுதி 1894-இல் வெளிவந்தது. விசென்டார்ஃப் என்ற லாட்வியச் செல்வந்தர் பொருளுதவி செய்தார். பிற்பகுதித் தொகுதிகளை ரஷ்யப் பேரரசின் அறிவியல் கழகம் அச்சிட்டது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915-இல், பாரோன்ஸுக்கு எண்பது வயதானபோது, பணி நிறைவடைந்தது. ஆறு தொகுதிகள், எட்டுப் புத்தகங்கள், 217,996 பாட்டு வடிவங்கள்.

இதில் ஒரு குறை உண்டு. அவர் சொற்களை மட்டுமே சேர்த்தார், மெட்டுகளைச் சேர்க்கவில்லை. அவற்றைத் திரட்டும் பணியை ஆந்திரெய்ஸ் யூர்யான்ஸ் என்ற இசையறிஞர் தனியே செய்தார்.

தாளுக்கு வெளியே

1918 நவம்பர் 18-இல் லாட்வியா தன் விடுதலையை அறிவித்தது. சுதந்திர நாட்டின் முதல் சில ஆண்டுகளை ரீகாவில் தம் மகன் குடும்பத்தோடு வாழ்ந்து, 1923 மார்ச் 8-இல், தம் 87-ஆம் வயதில் பாரோன்ஸ் காலமானார்.

அவர் தொகுத்த நூல் பல கைகளுக்குச் சென்றது. கவிஞர்கள் அதிலிருந்து மொழியைக் கற்றனர். 1920-களின் நடுவில், எர்னெஸ்ட்ஸ் பிராஸ்தின்ஷ் என்ற கலைஞர் அதையே மூலமாகக் கொண்டு பழைய தெய்வ வழிபாட்டை மீட்டெடுக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். சோவியத் ஆட்சி அவரைக் கைதுசெய்தது. 1942-இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அதே ஆட்சியில் மற்றொன்றும் நடந்தது. லாட்வியர்களின் மிகப் பெரிய பழந்திருநாள் ஜூன் 23-ஆம் நாள் மாலையில் தொடங்கும் யாஞி விழா. அன்று பெண்கள் பூ வளையமும், ஆண்கள் கருவாலி இலை வளையமும் சூடுவர். சீமைச் சீரகம் சேர்த்த பாலாடைக்கட்டியும் பியரும் வீட்டிலேயே தயாராகும். நெருப்பு மூட்டி, சூரியன் உதிக்கும்வரை உறங்காமல் பாடுவர். 1959-க்குப்பின் சோவியத் அரசு இவ்விழாவை ஒடுக்க முயன்றது. நாள்காட்டியில் இடமில்லாமல் போனபோதும் வீட்டுத் தோட்டங்களில் நெருப்பு எரிந்தது. பாலாடைக்கட்டி செய்யத் தெரிந்த பாட்டி இருந்தாள்; பாட்டுத் தெரிந்த அத்தை இருந்தாள். 1980-களின் பிற்பகுதியில் பால்டிக் மக்கள் பாடிக்கொண்டே வீதிக்கு வந்து விடுதலை கேட்டபோது, அந்தப் பாட்டுகளை யாரும் அவர்களுக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. 1991-இல் லாட்வியா மீண்டும் சுதந்திர நாடானது.

2001-இல் பாரோன்ஸின் அலமாரி யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2014 முதல் அது ரீகாவிலுள்ள தேசிய நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. தாள்கள் அனைத்தும் மின்னாக்கம் செய்யப்பட்டு யாரும் படிக்கக் கிடைக்கின்றன.

அன்பு மாணவ நண்பர்களே, முன்னாள் மாணவர்களே! அலமாரி மட்டும் இருந்திருந்தால் லாட்வியருக்கு ஓர் அருங்காட்சியகப் பொருள்தான் மிஞ்சியிருக்கும். வீட்டு நெருப்பு மட்டும் இருந்திருந்தால், பாட்டிமார் மறையும்போது பாட்டுகளும் ஒவ்வொன்றாக மறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்ததால்தான் அவை பிழைத்தன. நம் தோட்டப்புறங்களில் தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய தலைமுறை நம் கண்முன்னே குறைந்து வருகிறது. பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்தச் சடங்கில் பாடினார் என்ற விவரத்தோடு ஒரு பாட்டை எழுதி வைக்க ஒரு தாள் துண்டு போதும். இன்று கைப்பேசி இருப்பதால் மெட்டையும் சேர்த்தே காக்கலாம். பட்டம் பெறாமல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, அந்நிய ஊரில் வீட்டாசிரியராக இருந்த ஒருவர், பாடம் நடத்தியது போக மிஞ்சிய நேரத்தில்தான் தம் பணியைத் தொடங்கினார். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நமக்கும் சில மணி நேரம் மிஞ்சும். பாட்டியின் அருகில் போய் உட்கார அது போதும்.