எஞ்சிய குமிழி

ஹென்றி கேவண்டிஷ் 1731ஆம் ஆண்டு பிறந்தார், இலண்டனில் வாழ்ந்தார். பெருஞ்செல்வர், மிகுந்த கூச்சமுடையவர். பணிப்பெண்களிடம் பேச நாணி, வேண்டிய உணவையும் சீட்டில் எழுதி வைப்பாராம்! ஆயினும், வாயுக்களை அளப்பதில் அக்காலத்தில் அவருக்கு இணையானோர் அரியர்.

துத்தநாகத்தின்மீது அமிலம் ஊற்றி, எழுந்த வாயுவைச் சேகரித்து ஆராய்ந்தார். அது காற்றைவிடப் பன்மடங்கு இலேசானது என 1766இல் அறிவித்தார். அதுவே ஹைட்ரஜன். அது எரிந்தபோது நீர் உண்டாயிற்று. நீர் ஒரு தனிமம் என்னும் பழங்கருத்து ஆட்டங்கண்டது.

வளிமண்டலத்தில் ஹைட்ரஜன் 20 இலட்சத்தில் ஏறத்தாழ ஒரு பங்கே உண்டு. அந்நுண்ணளவு அவர்தம் கருவிகளுக்கு எட்டவில்லை, மற்றொன்று எட்டியது. 1785இல் காற்றின் நைட்ரஜனை மின்பொறியால் முழுதும் நீக்க முயன்றார். அதில் 120இல் ஒரு பங்கிற்கு மிகாத குமிழி எஞ்சியது. பிழையென ஒதுக்காது அதனையும் அளந்து எழுதினார். அது ஆர்கான் என்பது 1894இல் இராலே, இராம்சே ஆகியோரின் ஆய்வால் புலனாயிற்று. அப்போது கேவண்டிஷ் மறைந்து 84 ஆண்டுகள் ஆகியிருந்தன.