சிந்துக்கு உயிர் தந்த சென்னிகுளத்துக் கவிஞர்

நெல்லைச் சீமையின் பெருமை எது என்று கேட்டால், பொருநை நதியையும் பொதிகை மலையையும் முதலில் சொல்வோம். அடுத்துப் பாரதியையும் கப்பலோட்டிய தமிழரையும் சொல்வோம். அந்த வரிசையில் இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. பாரதிக்குப் பதினேழு ஆண்டுகள் முன்னே பிறந்து, இருபத்தாறு வயதிலேயே மறைந்துவிட்ட சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார்தாம் அவர். காவடிச் சிந்தைக் கேளாத தமிழர் குறைவு. அதைப் பாடியவர் வாழ்வை அறிந்தவர்களும் குறைவுதான்.

அண்ணாமலை ரெட்டியார் 1865-ஆம் ஆண்டு, சங்கரன்கோவில் வட்டாரத்தில் உள்ள சென்னிகுளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சென்னவ ரெட்டியார். தாயார் ஓவு அம்மாள். அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 2019-இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் தென்காசி மாவட்டத்தில் அமைந்துள்ளது. ஆற்றுப் பாசனம் எட்டாத, வானம் பார்த்த பூமி அது. மழை பெய்தால்தான் வெள்ளாமை.

அங்கிருந்து கழுகுமலை நடந்து போகக்கூடிய தூரம்தான். பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலுக்கும் சமணச் சிற்பங்களுக்கும் பெயர்பெற்ற அம்மலையின் அடியில் முருகன் கோயில் கொண்டிருக்கிறான். பங்குனி உத்திரத்துக்குச் சுற்றுவட்டாரத்து மக்கள் காவடி சுமந்து நடந்து வருவார்கள். அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு மலைகளைப் பொதிகைக்குத் தூக்கி வந்த இடும்பனே முதன்முதல் காவடி எடுத்தவன் என்பது புராணக் கதை. தோளில் ஒரு தண்டு, அதன் இரு முனையிலும் சமமான பாரம் என்பதுதான் காவடியின் அமைப்பு. இயற்பியல் மாணவனாகிய எனக்கு அதைப் பார்க்கும்போது தராசுதான் நினைவுக்கு வரும். பாரம் ஆடாமல் இருக்க வேண்டுமானால் நடை சீராக இருக்க வேண்டும். நடை சீராக இருக்கத் தாளம் வேண்டும். அப்படிப் பிறந்ததே காவடிப் பாட்டு. சிறுவன் அண்ணாமலையின் காதில் அந்த மெட்டுகள் விழாமல் இருந்திருக்க முடியாது.

ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தொடங்கிய அவருடைய படிப்பு அத்துடன் நின்றுவிடவில்லை. சேற்றூரில் இராமசாமிக் கவிராயரிடம் தமிழ் பயின்றார். பின்னர் சோழநாட்டுத் திருவாவடுதுறை ஆதீன மடத்துக்குச் சென்று, தம்மைவிடப் பத்து வயது மூத்தவரான உ.வே. சாமிநாதையரிடம் பாடம் கேட்டார். இலக்கணமும் புராணமும் அந்தாதியும் கரை கண்ட பெரும்புலவர்கள் கூடியிருந்த இடம் அது. புன்செய்க் காட்டிலிருந்து புறப்பட்ட ஓர் இளைஞர் அந்த அவையில் போய் அமர்ந்தது அக்காலத்தில் எளிய செயலன்று.

கற்று முடித்தவரை ஆதரித்தவர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். அவர் தமிழ் அறிந்தவர், புலவர்களைப் போற்றியவர். ஜமீனின் தலைமையிடமான வீரகேரளம்புதூர் சிற்றாற்றங்கரையில் இருக்கிறது. குற்றாலத்து மலையிலிருந்து இறங்கும் அந்தச் சிற்றாறு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கிறது. அண்ணாமலை ரெட்டியார் அங்கே அவைப்புலவராக விளங்கினார். புலமை வேண்டும் நூல்களும் அவர் செய்திருக்கிறார். சங்கரன்கோவில் திரிபந்தாதி, கருவை மும்மணிக்கோவை ஆகியவை அவற்றுட் சில. திரிபும் யமகமும் அக்காலப் புலவர்களின் உரைகல். அந்த உரைகல்லில் அவர் தேறியவர்.

ஆனால் அவரை இன்று வாழவைப்பது அந்தாதி அன்று, காவடிச் சிந்துதான். ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடியோடு சென்றபோது, வழிநடைக் களைப்புத் தோன்றாமல் இருப்பதற்காக இப்பாடல்களைப் பாடினார் என்று சொல்வார்கள். கழுகுமலையின் நகர்வளம், கோயில் வளம் எனத் தொடங்கி, முருகன்மேல் காதல் கொண்ட தலைவியின் ஏக்கம் வரை அவை விரிகின்றன. பெயரில்லாத மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காலில் தாளமிட்டுப் பாடிவந்த மெட்டை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். மடத்தில் கற்ற மோனை, எதுகை, இயைபு ஆகியவற்றை அதற்குள் மணிமணியாகக் கோத்தார். படிக்கத் தொடங்கினால் நாக்கு தானாகவே ஓடும். கால் தானாகவே தட்டும். பண்டிதர் வியந்த பாட்டைப் பாமரரும் பாடினர். காவடிச் சிந்தின் தந்தை என்று அவரை இன்றளவும் போற்றுவது இதனால்தான்.

முதற்பாட்டிலேயே அவர் கழுகுமலை முருகனைப் பாடுவதோடு தம் ஊரான சென்னிகுளத்தின் பெயரையும் தம் பெயரையும் பதித்துவிடுகிறார். அந்தச் சிற்றூரை அதற்குமுன் எந்தப் புலவர் பாடினார்? மேல்நாட்டிலும் இதுபோன்ற ஒன்று உண்டு. அமெரிக்காவில் டென்னசி மலைப்பகுதியில் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள ஓர் ஏழைக் குடும்பத்தில் 1946-இல் பிறந்தவர் டாலி பார்ட்டன் என்னும் பாடகி. அவர் 1973-இல் தம் பிள்ளைப் பருவத்து மலைவீட்டைப் பற்றியே ஒரு முழு இசைத்தட்டு வெளியிட்டார். அதன் உறையில் அந்தப் பழைய வீட்டின் படத்தையே போட்டார். அந்த நாட்டில் கிராமிய இசைக்கெனத் தனி மதிப்பு உண்டு. நம்மிடம் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இசைத்தட்டும் ஒலிபெருக்கியும் இல்லாத காலத்தில், ஒருவர் அதைச் செய்து காட்டிவிட்டார்.

இவர் வாழ்வை நான் எழுத முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அய்யா கூலிக்கு உழுகிறவர். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். ஆச்சிக்கு அதுவும் தெரியாது. ஆனால் நாற்று நடுகையிலும் கோயிலுக்கு நடக்கையிலும் ஆச்சி பாடும் பாட்டுகளுக்குக் கணக்கே இல்லை. நம் நூலகத்தில் காவடிச் சிந்தை எடுத்து ஒரு பாட்டை மெல்ல வாய்விட்டுப் படித்தபோது, அது ஆச்சியின் மெட்டில் தானே போய் உட்கார்ந்துகொண்டது. அச்சில் இருக்கும் இந்நூலுக்கும் எழுத்தறியாத ஆச்சிக்கும் அந்தக் கணமே உறவு விளங்கியது.

என்னைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் இக்கல்லூரியில் பலர். படிப்பு ஏற ஏற வீட்டிலிருந்து விலகிவிடுவோமோ என்ற அச்சம் நமக்கும் உண்டு, நம்மைப் பெற்றவர்களுக்கும் உண்டு. பையன் நாலு எழுத்துப் படித்துவிட்டால் நம் பேச்சு அவனுக்குப் பிடிக்குமோ என்று அம்மா ஒருநாள் கேட்டாள். அதற்கு நான் தேடிய விடை அண்ணாமலை ரெட்டியாரின் வாழ்வில் கிடைத்தது. அவர் சென்னிகுளத்திலிருந்து திருவாவடுதுறை வரை போனார். திரும்பி வந்தபோது, கற்றதையெல்லாம் தம் மக்கள் பாடிய மெட்டுக்கே கொடுத்தார். அதனால் அவருடைய புலமையும் குறையவில்லை, அந்த மெட்டும் தாழ்ந்துபோகவில்லை.

1891-ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அப்போது எட்டயபுரத்தில் பாரதி சிறுவன். பின்னாளில் அந்தச் சிறுவன் வளர்ந்து, நொண்டிச் சிந்தும் கிளிக்கண்ணியுமாக நாட்டு விடுதலையைப் பாடினான். 1912-இல் பாஞ்சாலி சபதத்தையும் எளிய மக்களின் மெட்டிலேயே தந்தான். மக்கள் மெட்டில் உயர்ந்த கவிதை செய்யலாம் என்பதை அதே கரிசல் மண்ணில் அவனுக்கு முன்பே நிலைநாட்டியவர் அண்ணாமலை ரெட்டியார். இன்றும் கச்சேரி மேடைகளில் பாடகர்கள் காவடிச் சிந்தைப் பாடுகிறார்கள். அது செஞ்சுருட்டி ராகத்தில் எழும்போது அவை தாளம் போடுகிறது.

நண்பர்களே, அவர் எழுதி வைத்ததால் அந்த மெட்டுகள் நமக்குக் கிடைத்தன. எழுதப்படாத பாட்டுகள் இன்னும் நம் வீடுகளில் எவ்வளவோ இருக்கின்றன. அவற்றைப் பாடுகிறவர்களுக்கு வயதாகிறது. எழுதத் தெரிந்தவர்கள் இப்போது அந்த வீடுகளில் நாம்தான். வருகிற விடுமுறையில் ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் உட்காருவோம். அண்ணாமலை ரெட்டியாருக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.