தத்துவ போதகரின் மார்கழித் திருநாள்

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த கூடன்மாநகரில் மார்கழித் திங்களின் வைகறைக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. முன்பனி மூடிய வீதிகளில் மகளிர் நீர் தெளித்துக் கோலமிட்டுப் பூசணிப்பூ வைப்பர். அங்கயற்கண்ணியின் ஆலயத்தினின்று பள்ளியெழுச்சி முழக்கம் எழும். அத்திங்களிலேயே நம் ஆண்டவரின் அவதாரத் திருநாளும் வருகின்றது. இவ்விரு மணியோசைகளையும் கேட்டு வளர்ந்த மதுரைக் கிறிஸ்தவர்களாகிய நமக்கு இஃதொரு புதுமையன்று. ஆயின், முதன்முதலாக இவ்வூரில் அத்திருநாளைக் கழிக்க நேர்ந்த இருபத்தொன்பது வயதினராகிய ஓர் அயல்நாட்டுக் குருவுக்கு அஃது எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை யாம் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவரே பிற்காலத்தில் தத்துவ போதக சுவாமி என்று நம் முன்னோரால் போற்றப்பெற்ற இராபர்ட்டு தெ நோபிலி என்பார்.

இவர் 1577-ம் ஆண்டு உரோமாபுரியில், செல்வமும் செல்வாக்கும் மிக்க குடியொன்றில் தலைமகனாகப் பிறந்தார். திருச்சபையின் பேரறிஞராகிய கர்தினால் பெல்லார்மினோ இவருக்கு நெருங்கிய உறவினர். குடும்பச் சொத்துக்கும் பட்டத்துக்கும் உரியவராகிய பிள்ளை துறவு பூணுதலைச் சுற்றத்தார் விரும்பினாரல்லர். அவர்தம் தடையைக் கடந்து நேப்பிள்ஸ் நகரம் சென்று, ஏறக்குறையப் பத்தொன்பது வயதில், அஃதாவது எம்மைப் போன்ற கல்லூரி மாணவர் வயதில், இயேசு சபையிற் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் இந்திய நாட்டு ஊழியத்துக்குத் தம்மை அனுப்புமாறு வேண்டினார், வேண்டியது கிடைத்தது.

1604-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லிஸ்பன் துறையில் மரக்கலமேறியவர் 1605 மே 20-ல் தான் கோவாவில் இறங்கினார். பதின்மூன்று திங்கட் பயணம்! வழியில் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் கரையிலே தடைப்பட நேர்ந்தது. ஆகவே தாய்நாட்டை விட்டபின் அவர் கண்ட முதற் கிறிஸ்து ஜனனப் பண்டிகை வழியிலேயே கழிந்தது. இரண்டாவது பண்டிகையின்போது போர்த்துக்கேயர் ஆட்சி நிலவிய மேலைக் கடற்கரையில் இருந்தார். அங்கே குறையொன்றுமில்லை. பெருங்கோயில்கள், மணிகள், போர்த்துக்கேயப் பாடல், போர்த்துக்கேய உணவு எல்லாம் இருந்தன. ஐரோப்பாவின் ஒரு துண்டைக் கப்பலில் ஏற்றிக் கொணர்ந்து இந்தியக் கரையில் இறக்கிவைத்தாற் போன்றது அந்நகரம். ஆண்டு புலர்ந்ததும் அவர் கொச்சிக்கும், அங்கிருந்து முத்துக்குளித்துறைக்கும் வந்து, பரதவக் கிறிஸ்தவரிடையே தங்கித் தமிழ் கற்கத் தொடங்கினார். பின்னர் மாகாணத் தலைவராகிய லாயெர்சியோ என்பார் இவரை மதுரைக்கு அழைத்துவந்தார். அவர்கள் நகருக்குள் வந்தது 1606 நவம்பர் 15. எண்ணிப் பார்த்தால் அவதாரத் திருநாளுக்குச் சரியாக நாற்பது நாள் இருந்தது.

அக்காலத்து மதுரை, முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் ஆட்சியிலிருந்தது. போர்த்துக்கேயர் படையோ கொடியோ ஈண்டு எட்டவில்லை. இத்தகைய ஊரில் 1595 முதல் தனியராக இருந்து ஊழியஞ் செய்துவந்தவர் கொன்சாலோ பெர்னாந்தஸ் என்னும் போர்த்துக்கேயக் குரு. முன்னாளில் போர்வீரராயிருந்து துறவியானவர். வாணிகத்தின் பொருட்டு நகருக்கு வரும் பரதவக் கிறிஸ்தவருக்குப் பூசை செய்வித்தும், சிறுவர்க்கொரு பள்ளியும் நோயாளர்க்கொரு மருத்துவ விடுதியும் நடத்தியும் வந்தார். நல்லவர், உழைப்பாளி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எனினும் பதினோராண்டு உழைத்தும் மதுரை நகரத்தார் ஒருவரேனும் அவர் மார்க்கத்தை ஏற்றாரில்லை.

1606-ம் ஆண்டின் திருநாளை இவ்விருவரும் அச்சிறு கோயிலில் ஒருங்கே கொண்டாடினர். ஒருவர் முதியவர், போர்க்களம் கண்டவர். மற்றவர் இளைஞர், உரோமாபுரிப் பிரபு மகன். இருவரும் ஒரே கறுப்பங்கி அணிந்திருந்தனர். அசிசி நகரத்துப் பிரான்சிஸ் முனிவர் 1223-ல் கிரேச்சியோவில் அமைத்த பாலன் குடிலைத் தன் சொந்த வழக்கமாக்கிக்கொண்ட இத்தாலி நாட்டில் வளர்ந்தவர் நோபிலி. அவரைச் சுற்றி இப்பொழுது குடிலுமில்லை, சுற்றமுமில்லை. வெளியே ஊர் முழுதும் மார்கழி நோன்பில் ஆழ்ந்திருந்தது. அவ்வூருக்கும் அக்கோயிலுக்கும் இடையே ஒரு சுவர் நின்றது. அச்சுவர் எதனால் எழுந்தது என்று ஆராய்வதே நோபிலியின் முதல் வேலையாயிற்று.

விடை ஒரு சொல்லில் இருந்தது. அச்சொல் பறங்கி என்பது. பெர்னாந்தஸ் அதனைக் கிறிஸ்தவர் என்னும் பொருளுடையதாகவே கொண்டு, தாமும் தம் மக்களும் பறங்கியர் என்று சொல்லிவந்தார். ஞானஸ்நானம் பெற வருவோரை வினவுங்காலும், பறங்கிக் குலத்தில் புகச் சம்மதமோ என்னும் பொருள்படவே வினவும் வழக்கம் இருந்தது. ஆனால் மதுரை மாந்தர்க்கோ பறங்கி என்றால் கடல்வழி வந்த போர்த்துக்கேயன், பசுவின் ஊன் உண்பவன், மது அருந்துபவன், நீராடாதவன். ஆண்டவரின் பிள்ளையாக வா என்று அழைப்பதாக அவர் கருத, பறங்கியாகிவிடு என்று அழைப்பதாக ஊரார் கருதினர். பதினோராண்டு உழைப்பும் இந்த ஒரு சொல்லில் தடுக்கி வீழ்ந்தது. தமிழ் பயிலும் எமக்கு இதனைப் படிக்குந்தோறும் நெஞ்சம் கலங்குகின்றது. பூசைக்கு வழங்கிய போர்த்துக்கேயச் சொல்லும் அத்தகையதே. அது தமிழ்ச் செவிக்கு மீசை என்று ஒலித்ததாம். பயபக்தியோடு மீசைக்கு வருமாறு அழைக்கப்பெற்றவர் நகையாது என் செய்வர்?

நிற்க. சீன நாட்டிலே மத்தேயு ரிச்சி என்னும் மற்றோர் இயேசு சபைக் குரு, 1595 முதலே அந்நாட்டுக் கற்றோர் உடை தரித்து அவர்தம் நூல்களைக் கற்றுவந்தார். அவ்வழி நோபிலிக்கும் ஊக்கம் தந்திருக்கலாம். மேலதிகாரிகளின் இசைவு பெற்று, அடுத்த ஆண்டே அவர் பெர்னாந்தஸின் இல்லத்தை விட்டு வெளியேறினார். அந்தணர் வாழும் பகுதியில் ஒரு மண்குடிசை. உடல்மீது காவி, நெற்றியில் சந்தனம், காலில் பாதக்குறடு, நாளொன்றுக்கு ஒரே வேளை, சோறும் காயும் பாலும். சிவதர்மர் என்னும் தெலுங்கு அந்தணரிடம் வடமொழி பயின்றார். தமிழையோ ஊரார் வியக்கும்படி கற்றார். காண வருவோரைச் சீடர் வாயிலில் நிறுத்தி, சுவாமி தியானத்திலிருக்கிறார் என்று சொல்லிப் பிறிதொரு வேளை வரச் செய்வராம். வாயிலில் நிறுத்தப்பெற்றவர்க்கு ஆவல் பெருகுவது இயல்புதானே!

முதலில் மனந்திரும்பியவர், பெர்னாந்தஸின் பள்ளியில் கற்பித்துவந்த இந்து ஆசிரியரே. இருபது நாள் அளவும் நோபிலியோடு வாதம் புரிந்து, ஆன்மாவையும் பிறவியையும் பற்றிய வினாக்களை யெல்லாம் எழுப்பி, முடிவில் ஞானஸ்நானம் பெற்று ஆல்பர்ட்டு என்னும் பெயர் கொண்டார். பதினோராண்டு ஒரே கூரையின்கீழ் வாராத ஒருவர் இருபதே நாளில் வந்தது முதிய குருவின் உள்ளத்தை எங்ஙனம் தைத்திருக்கும்! இதைக் கடந்து செல்ல எமக்கு மனமில்லை. என்னை? அது முதல் ஒரே ஊரில் இரண்டு கோயில்கள் எழுந்தன. இரண்டு திருநாட்கள் நடந்தன. பறங்கியோடு உண்டவர் என்னும் பெயர் வாராதிருக்கும் பொருட்டு, நோபிலி பெர்னாந்தஸோடு வெளிப்படையாகப் பழகுவதையே நிறுத்திக்கொண்டார். அதன் பின் வந்த மார்கழிகளில், ஒரே சபையினராகிய இரு குருமாரும் ஒரே பாலனின் பிறப்பைச் சில வீதிகள் இடையிட வேறு வேறு கொண்டாடினர். தாய்நாடு, தாய்மொழி, உணவு, உடை ஆகியவற்றை நோபிலி தாமே துறந்தார். ஆனால் தோழமையை இழந்ததில் பெர்னாந்தஸுக்கும் பங்குண்டு. அவரை யாரும் கேட்டாரில்லை.

அவர் 1610-ல் மேலதிகாரிகளுக்கு முறையீடு விடுத்ததை ஆசிரியர் பலர் பொறாமை என்று ஒதுக்குவர். அது முற்றும் நேரிதன்று என்பதே எம் கருத்து. அந்தணர் ஒழுக்க வழக்கங்களைக் குறித்து 1616-ல் ஒரு விரிந்த நூலை அம்முதியவரும் எழுதினார். அது 1973-ல் அச்சேறியது. ஊரைக் கண் திறந்து பாராதவர் அங்ஙனம் எழுத இயலாது. பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயச் சின்னங்களா, குலச் சின்னங்களா என்பதே வழக்கு. சமயச் சின்னம் என்றார் அவர். குலமும் நாகரிகமுமே என்று வடமொழி நூல்களைக் காட்டி வாதித்தார் நோபிலி. வழக்குக் கோவாவுக்குப் போயிற்று; அங்கிருந்து உரோமாபுரிக்கும் போயிற்று. தம் மருகர் விக்கிரக மார்க்கத்தில் வீழ்ந்துவிட்டார் என்னும் வதந்தியைக் கேட்டுப் பெல்லார்மினோ பெரிதும் வருந்திக் கடிதம் எழுதினார். விளக்கம் பெற்றபின் மனந்தெளிந்தார். 1619-ல் கோவாவில் கூடிய பேரவையில் நோபிலி தாமே சென்று வாதாடினார். கிராங்கனூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் அவர் பக்கம் நின்றார். கோவாப் பேராயரோ எதிர் நின்றார். ஈற்றில் 1623 சனவரி 31-ல் பாப்பாண்டவர் பதினைந்தாம் கிரெகோரியார், மூடவழக்கமின்றி அணியின் இச்சின்னங்கள் தகும் என்று தீர்ப்பளித்தார். பெல்லார்மினோ அதனைக் காணவில்லை, 1621-லேயே மறைந்துவிட்டார்.

இத்தனை வழக்குக்கிடையிலும் அச்சிறு சபையில் திருநாட்கள் தமிழ்க்கோலம் பூண்டன. தேவாலயத்துக்குக் கோவில் என்றும், மிஸ்ஸாவுக்குப் பூசை என்றும், கடவுளுக்குச் சருவேசுரன் என்றும், குரு என்றும், வேதம் என்றும் நோபிலி வழங்கிய சொற்கள் மக்கள் நாவில் ஏறின. இன்று நாட்டுப்புறத்துப் பாட்டியும் பூசைக்குப் போகிறேன் என்று சொல்லுங்கால் அவருக்குக் கடன்பட்டிருப்பதை உணராள். அவதாரத் திருநாள் கழிந்த சின்னாட்களில் தைப்பொங்கல் வரும். கதிரவனை வணங்கிப் பொங்கும் அவ்விழாவைக் கிறிஸ்தவரானோர் கைவிட வேண்டுமோ என்னும் ஐயம் எழுந்தபோது, சிலுவையொன்றை நாட்டி அதனடியில் பானையேற்றிப் புத்தரிசி பொங்க அவர் இசைவளித்தார். உழவர் நாட்டில் அறுவடைக்கு நன்றி செலுத்துதல் எந்தச் சமயத்துக்கும் பகையன்று என்று கண்ட தெளிவு அது. எம் இல்லத்திற் பொங்கும் பானையைக் காணுங்கால் அந்த முதற்பானையை நினைப்பதுண்டு.

ஆயினும் மறைத்துப் பேசுதல் முறையன்று. ஊர் வழக்கத்துக்கு இணங்கிய நோபிலி, ஊரின் சாதிக் கட்டுக்கும் இணங்கினார். உயர்குலத்தோர் என்று தம்மைக் கொண்டவர் வரும் கோவிலில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அவர்களோடு ஒருங்கிருக்க இடமில்லாதிருந்தது. 1640-ஐ ஒட்டி, பால்தசார் தா கோஸ்தா என்பார் பண்டாரசுவாமி வேடம் பூண்டு அவர்களிடையே ஊழியம் புரியலானார். அப்பொழுதும் பந்தி வேறாகவே இருந்தது. மாட்டுத் தொழுவத்திற் பிறந்தவரின் திருநாளை இரு பந்தியாக நடத்தியதன் வடு நம் சபைகளில் நெடுங்காலம் ஆறாதிருந்தது. பறங்கி என்னும் சுவரைத் தகர்த்தவர், உள்ளே நின்ற மற்றொரு சுவரின்மேற் கைவைத்தாரல்லர். அவர் காலத்து மனிதர் அவர் என்று சமாதானம் கூறலாம். எனினும், பதினோராண்டு நிலவிய வழக்கத்தை ஓராண்டில் மாற்றத் துணிந்த ஒருவர் இதையும் மாற்றக் கருதியிருந்தால் என்னும் ஏக்கம் எமக்கு நீங்கவில்லை.

பின்னாளில் அவர் திருச்சிராப்பள்ளி, சேலம், மோரமங்கலம் முதலிய இடங்களிற் சுற்றித் திரிந்தார். 1640-ல் மதுரையில் சிறைப்பட்டார். ஞானோபதேசம், ஆத்தும நிருணயம், தூஷண திக்காரம் முதலாக அவர் ஆக்கிய உரைநடை நூல்கள் பல. செய்யுளே நூலென்று கொண்டிருந்த காலத்தில் தருக்கப் பொருளைத் தமிழ் உரைநடையில் அவ்வளவு விரிவாக எழுதியவர் அரியர். கண்ணொளி மங்கியபோது ஏறக்குறைய நாற்பதாண்டு வாழ்ந்த மதுரையை விட்டு வருமாறு ஆணை பிறந்தது. யாழ்ப்பாணத்தில் சில ஆண்டு தங்கினார். போர்த்துக்கேய மொழியின் நத்தால் என்னும் சொல் நத்தார் என்று தமிழாகி, இன்றளவும் இத்திருநாளுக்குப் பெயராய் வழங்குவது அந்நாட்டிலேயாம். வாழ்நாள் முழுதும் போர்த்துக்கேயச் சொற்களைத் தமிழால் மாற்றிவந்தவர், இறுதியில் அச்சொற்கள் வேரூன்றிய கரையிற் சென்று தங்கினார்.

அங்கிருந்து மயிலாப்பூருக்கு வந்தார். எழுத இயலாதபோது சீடர்க்குச் சொல்லி எழுதுவித்தார். அக்கரையிலும் போர்த்துக்கேயர் இல்லங்களும் உணவும் இருந்தன. அவர் அவற்றை நாடாது, மதுரையில் மேற்கொண்ட நோன்புணவையே உண்டுவந்தார். 1655-ம் ஆண்டின் அவதாரத் திருநாள் அங்கே கழிந்தது. தாய்நாட்டை விட்டபின் அவர் கண்ட ஐம்பத்திரண்டாவது திருநாள் அது. மூன்று வாரம் கழித்து, பொங்கற் காலத்தில், 1656 சனவரி 16-ல் தத்துவ போதகர் கண்மூடினார்.