விசாரணை வந்தபோது: புனித தாமஸ் மூர் காட்டும் வழி



ஆண்டுதோறும் ஜூன் 22ஆம் நாள் ஆயர் புனித ஜான் பிஷரையும், புனித தாமஸ் மூரையும் மறைச்சாட்சிகளாகத் திருஅவை நினைவுகூருகிறது. மனச்சான்றுக்காகத் தலையைக் கொடுத்தவர் என்றே தாமஸ் மூரை நாம் அறிந்திருக்கிறோம். அந்தத் தலையைக் காப்பாற்றிக்கொள்ள அவர் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் எவ்வளவு கவனத்தோடு போராடினார் என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. அரசின் குற்ற விசாரணை தன்மீது திரும்பும்போது ஒரு கிறிஸ்தவர் எப்படி நடந்துகொள்வது? இந்தக் கேள்விக்கு அவருடைய கடைசி மாதங்கள் நமக்கு ஒரு பாடமாக இருக்கின்றன.

1478ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்த தாமஸ், தந்தையின் வழியில் சட்டம் பயின்றார். இளமையில் கார்த்தூசியத் துறவிகளின் மடத்தருகே தங்கி, செபத்திலும் தவத்திலும் நாட்களைக் கழித்தார். பின்னர் இல்லறமே தமக்குரிய அழைத்தல் எனத் தெளிந்து மணமுடித்தார். நான்கு பிள்ளைகள். பெண் கல்வி அரிதாயிருந்த அக்காலத்தில் தம் பெண்மக்களுக்கு இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். 1529இல் அரசர் எட்டாம் ஹென்றி அவரை நாட்டின் சான்சலராக, அதாவது நீதித்துறையின் தலைமைப் பொறுப்பில், அமர்த்தினார்.

அரசரோ அரசி கேத்தரினைத் தள்ளிவிட்டு ஆன் போலினை மணக்க விரும்பினார். திருத்தந்தை அதற்கு இசையாதபோது, இங்கிலாந்துத் திருஅவைக்குத் தாமே தலைவர் என்றார். 1532 மே மாதம் குருக்கள் பேரவை அரசருக்குப் பணிந்தது. மறுநாளே தாமஸ் பதவி விலகினார். அரசரைக் குறைகூறிப் பேசாமல் வீட்டுக்குத் திரும்பி, செபத்திலும் எழுத்திலும் ஈடுபட்டார். ஆனாலும் அவருடைய மௌனமே அரசருக்கு உறுத்தலாயிற்று.

முதலில் சிறு குற்றச்சாட்டுகள் வந்தன. வழக்காடிய ஒருவரின் மனைவியிடம் பொன்முலாம் பூசிய கிண்ணத்தைக் கையூட்டாகப் பெற்றார் என்றார்கள். பெற்றது உண்மைதான் என்று ஒப்புக்கொண்ட தாமஸ், உடனே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதையும் மெய்ப்பித்தார் என்று அவருடைய மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதியுள்ளார். 1534இன் தொடக்கத்தில், அரசரின் மறுமணத்தை எதிர்த்து இறைவாக்கு உரைத்த எலிசபெத் பார்ட்டன் என்ற கன்னியரோடு சேர்த்து அவர்மீதும் குற்றம் சாட்டப்பட்டது. அரசரின் காரியங்களைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம் என்று அந்தக் கன்னியருக்குத் தாம் எழுதிய கடிதத்தின் நகலை அவர் அரசரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெலுக்கு அனுப்பினார். குற்றப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. நேர்மையாக வாழ்ந்ததோடு அதற்கான சான்றையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

1534 ஏப்ரல் 13 அன்று இலாம்பெத் மாளிகைக்கு அழைக்கப்பட்டு, வாரிசுரிமைச் சட்டத்தின்படி உறுதிமொழி எடுக்கக் கேட்கப்பட்டார். தாமஸ் அவசரப்படவில்லை. உறுதிமொழியையும் சட்டத்தையும் கேட்டு வாங்கி, இரண்டையும் அமைதியாக ஒப்பிட்டுப் படித்தார். அரியணை வாரிசைப் பொறுத்தவரை உறுதியளிக்கத் தயார், ஆனால் அந்த வாசகத்தின்படி உறுதிமொழி எடுத்தால் என் ஆன்மாவுக்குக் கேடு என்று மறுத்தார். உறுதிமொழி எடுத்த எவரையும் அவர் குறைகூறவில்லை. காரணத்தைச் சொல்லும்படி வற்புறுத்தியும் சொல்லவில்லை. சொன்னால் அதுவே தமக்கு எதிரான சாட்சியாகும் என்பதை அறிந்திருந்தார். நான்கு நாட்களில் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார்.

சிறையைவிடக் குடும்பத்தின் கண்ணீரே அவரை அதிகம் சோதித்தது. அருமை மகள் மார்கரெட் தானே உறுதிமொழி எடுத்திருந்தார். தந்தையும் இணங்கலாமே என்று கெஞ்சினார். சிறையில் கணவரின் உணவுச் செலவுக்காக வாரம் 15 ஷில்லிங் கட்ட வேண்டியிருந்ததால், மனைவி ஆலிஸ் தம் உடைகளையும் விற்க நேர்ந்தது. தாமஸ் அவர்கள்மேல் சினம் கொள்ளவில்லை. தம் மனச்சான்றை அவர்கள்மேல் சுமத்தவும் இல்லை.

1535 ஜூன் 3 விசாரணையில் குரோம்வெல் ஒரு கூர்மையான கேள்வியை எழுப்பினார். சான்சலராக இருந்தபோது தப்பறைக் கொள்கையினரை நேரடிப் பதில் சொல்லும்படி நீங்கள் கட்டாயப்படுத்தவில்லையா என்பதே அது. கிறிஸ்தவ உலகம் முழுவதற்கும் பொதுவான சட்டம் வேறு, ஒரு நாட்டின் சட்டம் வேறு என்று தாமஸ் பதிலளித்தார். ஆனாலும் அந்தக் கேள்வி நம்மையும் தைக்கிறது. அவர் பதவியிலிருந்த காலத்தில் ஆறு பேர் தப்பறைக்காக எரிக்கப்பட்டனர். இதில் அவர் தம் காலத்துப் பண்பாட்டின் குறைகளைக் கொண்டிருந்தார் என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் 2000ஆம் ஆண்டு மறைக்காமல் குறிப்பிட்டார். விசாரிக்கும் நாற்காலியில் அமர்ந்தவர் விசாரிக்கப்படும் இடத்திலும் நிற்க நேரலாம். அதிகாரத்தில் இருப்போர் இதை மறக்கலாகாது.

ஜூன் 12 அன்று ரிச்சர்டு ரிச் என்ற அரசு வழக்கறிஞர், தாமசின் நூல்களை எடுத்துச்செல்ல வந்தார். நட்பாகப் பேசுவதுபோல, இப்படி நடந்தால் என்ன, அப்படி நடந்தால் என்ன என்று சட்டக் கேள்விகளை அடுக்கினார். அந்தப் பேச்சே பின்னர் நீதிமன்றத்தில் தாமசுக்கு எதிரான சாட்சியாக வந்தது. அது பொய்ச்சாட்சி என்று தாமஸ் உறுதியாக மறுத்தார். உடனிருந்த இருவரோ, நூல்களைக் கட்டுவதில் மும்முரமாக இருந்ததால் எதுவும் காதில் விழவில்லை என்றனர்.

ஜூலை 1 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் விசாரணை நடந்தது. அவருக்காக வாதாட வழக்கறிஞர் இல்லை. அக்காலத்தில் அரசத் துரோக வழக்குகளில் அந்த உரிமை கிடையாது. சிறைவாசத்தால் மெலிந்திருந்த அவர் தாமே வாதாடினார். சட்டத்தின் பார்வையில் மௌனம் சம்மதத்தையே குறிக்கும், எதிர்ப்பை அல்ல என்று எடுத்துரைத்தார். நடுவர்கள் கால் மணி நேரத்தில் குற்றவாளி என்றனர். இனி மௌனம் தேவையில்லை. உலக அரசர் எவரும் திருஅவையின் தலைவராக முடியாது என்று அப்போதுதான் வெளிப்படையாகச் சொன்னார். ஸ்தேவானின் கொலைக்கு உடன்பட்ட பவுல் இன்று அவரோடு விண்ணகத்தில் இருப்பதுபோல, தம் நீதிபதிகளையும் அங்கே மகிழ்ச்சியோடு சந்திக்க வேண்டும் என்று செபித்தார். ஜூலை 6 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. 1935இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரை, 2000ஆம் ஆண்டு திருத்தந்தை அரசியல்வாதிகளின் பாதுகாவலராக அறிவித்தார்.

அன்பானவர்களே, தனக்கெதிராகத் தானே சாட்சியாகும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை 1791இல் அமெரிக்க அரசியலமைப்பு ஏற்றது. நமது இந்திய அரசியலமைப்பின் 20ஆம் பிரிவும் அதை உறுதிசெய்கிறது. தாமசுக்குக் கிடைக்காத வழக்கறிஞரின் துணையும் இன்று நமக்கு உண்டு. அதை நாடுவது கோழைத்தனம் அல்ல, குற்றத்தை ஒப்புக்கொள்வதும் அல்ல. விசாரணைக்கு அழைப்பு வந்தால் பதற்றத்தில் ஓடி ஒளியவோ, ஆவணங்களை அழிக்கவோ, சாட்சிகளைத் தேடிப்போய்ப் பேசவோ வேண்டாம். கையெழுத்திடுமுன் முழுவதும் படிப்போம். பேசினால் உண்மையையே பேசுவோம். பேசக் கூடாத இடத்தில் அமைதி காப்போம். அமைதி காப்பது பொய்யாகாது. தவறு செய்திருந்தால் அதை ஏற்று, ஈடுசெய்யும் துணிவையும் இறைவனிடம் கேட்போம்.

நம்மை விசாரிப்பவரையும் விண்ணகத்தில் சந்திக்க விரும்பும் உள்ளம் நமக்கு உண்டா? புனித தாமஸ் மூரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.