இன்சுலின் கண்ட பாண்டிங்

முழுநிலா நாளில் திருவண்ணாமலையை வலம் வருவோர் தொகை அளவிடற்கரியது. 14 கிலோமீட்டர்த் தொலைவையும் நடந்து கடக்கும் அடியாருள் நீரிழிவு நோயினரும் உளர். அவருட் சிலர் இன்சுலின் என்னும் மருந்தை நாள்தோறும் ஊசி வாயிலாக ஏற்று நலமுற வாழ்கின்றனர். நூறாண்டுகட்கு முன்னர், இந்நோய் கடுமையாகப் பற்றிய சிறார்க்கு உய்யும் வழியே இல்லை. அவ்வழியைக் கண்ட பெருமக்களுள் முதல்வர் பிரெடரிக் பாண்டிங் ஆவார்.

பாண்டிங், கனடா நாட்டில் உழவர் குடியொன்றில் 1891-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் பிறந்தார். டொராண்டோ நகரில் மருத்துவம் பயின்றார். முதல் உலகப் போரில் தாம் புண்பட்டிருந்தும் பிற வீரர்க்கு மருத்துவம் செய்து வீரப் பதக்கம் பெற்றார்.

உணவினின்று உண்டாகும் சர்க்கரை உடலுக்குப் பயன்படுதற்குக் கணையத்தில் தோன்றும் ஒரு சுரப்பு இன்றியமையாதது. அது குன்றின், சர்க்கரை குருதியில் மிகும், உடல் மெலியும். உணவை மிகக் குறைத்து உயிரைச் சில காலம் நீட்டித்தலே அந்நாளைய மருத்துவமுறை. அச்சுரப்பைப் பிரித்தெடுக்கும் எண்ணம் 1920-இல் பாண்டிங்கின் உள்ளத்தில் எழுந்தது. பேராசிரியர் மெக்லியாடு முதலில் ஐயுற்றார். எனினும் ஆய்வுக்கூடத்தையும், சார்லஸ் பெஸ்ட் என்னும் இளைஞரின் துணையையும் நல்கினார். 1921-ஆம் ஆண்டுக் கோடையில் இருவரும் கணையம் நீக்கிய நாய்கட்கு அச்சாற்றைச் செலுத்தி, சர்க்கரை தணிதலைக் கண்டனர்.

1922-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள், சாவின் வாயிலில் கிடந்த லியனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அம்மருந்து செலுத்தப்பெற்றது. மருந்தில் தூய்மை குறைந்திருந்தமையால் பயன் சிறிதே விளைந்தது. அறிஞர் காலிப் அதனைத் தூய்மை செய்தார். 23-ஆம் நாள் மீண்டும் செலுத்தினர். சர்க்கரை தணிந்தது, சிறுவன் பிழைத்து, மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இம்மருந்து மிகினும் தீங்கே. சர்க்கரை அளவிறந்து தாழ்ந்து மயக்கம் நேரும். ஆதலின் மருத்துவர் அளந்தே இதனை வழங்குவர்.

1923-இல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் அளிக்கப்பெற்றது. பாண்டிங் தம் பரிசுத் தொகையிற் பாதியைப் பெஸ்டுக்கு ஈந்தார். மெக்லியாடும் காலிப்புக்கு அவ்வாறே பகிர்ந்தார். பெருஞ்செல்வம் ஈட்டக்கூடிய காப்புரிமையைப் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் மட்டுமே பெற்றுக்கொண்டு டொராண்டோப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தனர். உயிர் காக்கும் மருந்து ஒரு சிலரின் உடைமையாதல் தகாது என்பது அவர்தம் கொள்கை.

1941-இல் வானூர்தி விபத்தொன்றில் பாண்டிங் உயிர் நீத்தார். அவர் பிறந்த நாளே இன்று உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. தாம் கண்ட நலத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாது உலகுக்கு வழங்கியோர், மறைந்த பின்னும் பிறர் உயிரில் வாழ்வர்.